இரண்டாம் மனைவி, பெயர் தெரியவில்லை

லோர்னா ஜனவரி பதினொன்றாம் தேதி இறந்தாள். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் யாரையும் எளிதில் புதைக்க முடியாது. மண் நாலடி ஆழத்துக்குக் கல்லாக இறுகிக் கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய கல்லறைத் தோட்டம் என்றால் இயந்திரத்தைக் கொண்டுவந்து உடைத்துவிடுவார்கள். பழைய கல்லறை மேட்டில் இயந்திரம் ஏறக்கூடாது, மண்வெட்டிதான் என்று விதி. ஆகவே மேட்டின் அடியில் இருக்கும் கருங்கல் அறையில், பனிக்காலத்தில் செத்த மற்ற இரண்டு பேரோடு அவளையும் வைத்தோம். ஏப்ரல் கடைசியில் மண் இளகும்.

காத்திருப்பதில் எனக்கு ஒன்றும் குறையில்லை. அவளை எங்கே வைப்பது என்பது நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பே முடிவான விஷயம். எங்கள் மகள் ஹேட்டியின் பக்கத்தில்.

ஹேட்டி போனபோது அவளுக்கு ஆறு வயது. மூளைக்காய்ச்சல், மூன்றே நாள். அப்போது மேட்டைப் பார்த்துக்கொண்ட கிழவர் என் பெயர் டிரெட்வே என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்றார். கிழக்கு மூலையில் மேப்பிள் மரத்தடியைக் காட்டினேன். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விடச் சொன்னாள் லோர்னா. விட்டார்.

போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதும் அந்த ஒன்றைத்தான். ஹேட்டி பக்கத்துல, வாரன், வேற எங்கயும் வேணாம் என்றாள். சரி என்றேன். ஐம்பத்திரண்டு வருஷ மண வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை.

கடிதம் ஜனவரி முடிவதற்குள் வந்தது. அனுப்பியது ஆல்டன்ஃபோர்ட் முதல் குடும்பங்களின் சங்கம். மேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. 1640-இல் இந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட பன்னிரண்டு ஆங்கிலேயர்களின் பிள்ளை வழி வந்தவர்கள் அந்தச் சங்கம். பங்கு போடுவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மேட்டில் இன்னும் ஒன்பது இடங்களே மிச்சம் இருப்பதால் இனி அந்தப் பன்னிரண்டு பேரின் முறையான ரத்த வாரிசுகளுக்கும், அவர்களின் மனைவி அல்லது கணவனுக்கும் மட்டுமே இடம் என்றும், வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகச் சான்றோடு நிரூபிக்க வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. அன்புள்ள திரு. டிரெட்வே அவர்களுக்கு என்று தொடங்கி அடிலெய்ட் ஸ்டோவெல், பதிவாளர் என்று முடிந்தது.

அடிலெய்ட் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அவள் வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை முப்பது வருஷம் நான்தான் பழுது பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு முறை மளிகைக் கடையில் அவளைப் பார்க்கிறேன். அவளுக்கு நான் திரு. டிரெட்வே ஆகிவிட்டேன்.

சிரிப்புதான் வந்தது. ஊர் முகப்பில் இருக்கும் கல்லில் பன்னிரண்டு பெயர்களில் நான்காவதாக ஒபதியா டிரெட்வே என்று வெட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் எங்கேயோ தோல் பதனிட்டுக்கொண்டிருந்தவர், இங்கே வந்து எண்பது ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். லோர்னாவின் அப்பா எல்லைக்கு அப்பால் கியூபெக்கில் இருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர். ஒபதியா பேச்சை நான் எடுத்தாலே அவள் கேலி செய்வாள். உங்க ஆளு கப்பல்ல வந்தான், எங்க ஆளு நடந்து வந்தான், ரெண்டு பேரையும் யாரும் வான்னு கூப்பிடலை என்பாள்.

ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல என் வீட்டிலும் அந்தத் தடித்த புத்தகம் இருந்தது. 1888-இல் போதகர் ஜோசையா ஸ்டோவெல், அதாவது அடிலெய்டின் கொள்ளுத்தாத்தா, அச்சடித்த ஊர் வம்சாவளி. ஒபதியா மகன் சாமுவேல், சாமுவேல் மகன் ஜோனத்தன், ஜோனத்தன் மகன் 1702-இல் பிறந்த எசேக்கியா, அப்படியே இறங்கி என் தாத்தா வரை. பக்கத்தை நகலெடுத்து, தாத்தாவுக்குப் பிறகுள்ள சான்றிதழ்களைச் சேர்த்து அனுப்பிவிட்டு அந்த விஷயத்தை மறந்தேன்.

பிப்ரவரி நடுவில் அடிலெய்டே நேரில் வந்தாள். துக்க வீடு என்பதால் வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ் ஒரு சட்டி கொண்டுவந்திருந்தாள். அதை அடுப்பின் மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜையில் போட்டாள். முழங்கால் உயரக் கல்லறைக் கல் ஒன்று. பாசியைச் சுரண்டி, எழுத்து தெரிய மாவைத் தடவி எடுத்த படம். எசேக்கியா, ஜோனத்தன் டிரெட்வேயின் மகன், வயது 3, 1705.

"மூணு வயசுல செத்த குழந்தைக்கு வாரிசு எப்படி வரும், வாரன்?"

"புத்தகத்துல இருக்கே. உன் கொள்ளுத்தாத்தா எழுதினதுதானே?"

"அவர் எழுதினதுல தப்பு இருந்தா தப்புன்னு சொல்றவதான் நான். மேட்டுல இருக்கற ஒவ்வொரு கல்லையும் முட்டி போட்டுப் படிச்சிருக்கேன். எங்க குடும்பத்துக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம்னு வெக்கலை."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு நிதானமாக விளக்கவும் செய்தாள். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்தால் அடுத்து வருவதற்கு அதே பெயரை வைப்பார்கள். இரண்டாவதாக ஓர் எசேக்கியா பிறந்திருக்க வேண்டும், நான் அவன் வழியில் வந்தவனாக இருக்கலாம், ஆனால் அவன் யாருக்கு எப்போது பிறந்தான் என்று ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும். மண் இளகுவதற்குள் கொண்டுவந்தால் போதும் என்றாள். வாசலில் கையுறையை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

"ஹேட்டிய நினைச்சு நீ கவலைப்படாத. அந்தக் குழந்தைய யாரும் எடுக்கச் சொல்ல மாட்டாங்க. கமிட்டியில நானே பேசிட்டேன்."

அப்படியானால் எடுக்கச் சொல்லலாமா என்று கமிட்டியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். என் பிள்ளை நாற்பத்தைந்து வருஷமாகக் கிடக்கும் குழியைப் பற்றி, கோப்பையில் காபியை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். பீன்ஸ் சட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ப் பனியில் கவிழ்த்தேன். மறுநாள் காக்கைகள் தின்றுகொண்டிருந்தன.

மார்ச் முழுவதும் அலைந்தேன். ஊர்ப் பதிவேட்டில் இரண்டாவது எசேக்கியாவின் பிறப்பு இல்லை. சபைப் புத்தகத்தில் ஞானஸ்நானமும் இல்லை. 1745-ஆம் வருஷத்துப் படைப் பட்டியல் ஒன்றில் எசேக்கியா டிரெட்வே, வயது 24 என்று கிடைத்தது. அப்படியானால் பிறந்தது 1721. சந்தோஷத்தோடு மேட்டுக்குப் போய் ஜோனத்தனின் மனைவி அபிகெய்லின் கல்லைத் தேடினேன். அவள் 1713-இல் செத்திருந்தாள். ஈரப் பனியில் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினேன். செத்து எட்டு வருஷம் ஆனவள் பிள்ளை பெறமாட்டாள். அபிகெய்லுக்கு அடுத்த இரண்டாவது வரிசையில்தான் ஹேட்டி. அந்தப் பக்கம் திரும்பாமல் இறங்கி வந்தேன்.

வழி காட்டியது மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு பெண். கம்பளித் தொப்பி போட்ட சின்னப் பெண், பெயர் மரீசா. தகப்பன் பேர் இல்லாத குழந்தைன்னா சபையில தேடாதீங்க, கோர்ட்ல தேடுங்க என்றாள். அரை மணி நேரத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, 1721 ஜூன் என்று எழுதிய கட்டிலிருந்து மடித்த தாள் ஒன்றைப் பிரித்து வைத்தாள். எழுத்து எனக்குப் புரியவில்லை. அவளே வாசித்தாள்.

ஜோனத்தனுக்கு மெஹிடபெல் என்று ஒரு மகள் இருந்தாள். புத்தகத்தில் அவள் இல்லை. இருபது வயது, கல்யாணம் ஆகாதவள். அப்படிப்பட்டவளுக்குப் பிரசவ வலி வந்தால் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். வலி உச்சத்துக்கு வரும்போது மருத்துவச்சி கையை எடுத்துக்கொள்வாள். தகப்பன் பெயரைச் சொன்னால்தான் தொடுவாள். அந்த நேரத்தில் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பதால் அந்த வாக்கு கோர்ட்டில் செல்லும். தாளில் மருத்துவச்சியும் கூட நின்ற நாலு பெண்களும் சத்தியம் செய்து சொல்லியிருந்தார்கள். மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் நதானியேல் ஸ்டோவெல் என்றாள். பொய்யானால் இந்த வலியிலேயே சாவாய் என்றோம். அப்போதும் அவன்தான், வேறு ஆள் இல்லை என்றாள். பிறந்தது ஆண். செத்துப்போன தன் தம்பியின் பெயரை அவனுக்கு வைக்கச் சொன்னாள்.

மெஹிடபெலுக்குப் பத்துக் கசையடி. நதானியேல் அவள் சொன்னதை மறுத்தான். கோர்ட் நம்பவில்லை, ஆனால் சபை நம்பியது. அவனுக்கு ஏற்கனவே மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். ஆறு வருஷம் கழித்து அதே சபையில் டீக்கன் பதவிக்கு வந்தான். அவனுடைய படம் சங்கக் கூடத்தில் கணப்புக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதன் கீழேதான் வருஷா வருஷம் வசந்த விருந்து.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒபதியாவின் ரத்தம் மட்டுமில்லை, ஸ்டோவெல் ரத்தமும் என் உடம்பில் ஓடுகிறது. பன்னிரண்டு குடும்பங்களில் இரண்டு. அடிலெய்ட் எனக்குத் தூரத்து அக்கா. கொள்ளுத்தாத்தா போதகர் தெரியாமல் தப்பு செய்யவில்லை. உயிரோடு இருந்த எசேக்கியாவைச் செத்தவனின் இடத்தில் சொருகி மூடிவைத்தார். அடிலெய்ட் முட்டி போட்டுப் பாசியைச் சுரண்டியிருக்காவிட்டால் அது மூடியே இருந்திருக்கும். இதை லோர்னாவிடம் சொன்னால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாள். சொல்ல வேண்டும் என்று வண்டியை வேகமாக ஓட்டி வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில் நகலை எடுத்துக்கொண்டு அடிலெய்ட் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். இரண்டாவது முறை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோவெல்களுக்கு அது பழக்கம்.

"விதியில முறையான வாரிசுன்னு இருக்கு, வாரன்," என்றாள்.

"ரத்தம்னும் இருக்கு. உனக்கு எவ்வளவு இருக்கோ எனக்கும் அவ்வளவு இருக்கு."

"முறையானன்னா கல்யாணத்துல பொறந்த பிள்ளை. அந்த வார்த்தைய நான் எழுதலை."

"சரி. அப்போ இந்தத் தாளை வசந்த விருந்துல படிக்கறேன். அந்தப் படத்துக்குக் கீழ நின்னு படிக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். கீழே நிலவறையில் கொதிகலன் இயங்கும் சத்தம் கேட்டது. அதன் விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் இழுப்பறையைத் திறந்து சங்கத்தின் வம்சாவளிப் படிவம் ஒன்றை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஜோனத்தன் மறுமணம் பண்ணியிருக்கலாம்."

"பண்ணலை."

"பண்ணலைன்னு எங்கயும் பதிவு இல்லையே."

ஒபதியா, சாமுவேல், ஜோனத்தன் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். முதல் மனைவி அபிகெய்ல், இறப்பு 1713. அடுத்த வரியில், இரண்டாம் மனைவி, பெயர் தெரியவில்லை. அவர்களின் மகன் எசேக்கியா, பிறப்பு 1721. இந்தத் தொழிலில் இது புதிதில்லை. பாதிப் பேருடைய வம்சாவளியில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கேள்வி கேட்காமல் எந்தக் கமிட்டியும் அவளை ஏற்றுக்கொள்ளும்.

"கீழ சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். இந்த நகல் என்கிட்ட இருக்கட்டும்," என்றாள். பிறகு குரலை இறக்கி, "லோர்னாவுக்காகத்தான் செய்யறேன், வாரன். அவ மேல எனக்குப் பிரியம் உண்டு," என்றாள்.

பிரியம் உண்மையாகவும் இருக்கலாம். லோர்னா நடந்து வந்தவனின் மகள் என்பதை அவள் ஐம்பது வருஷமாக மறந்ததில்லை என்பதும் உண்மை. அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லோர்னா பொய் பொறுக்காதவள். ஹேட்டி போன அன்று டாக்டர் என்னைத் தனியே அழைத்து, குழந்தைக்கு வலி தெரிந்திருக்காது என்றார். நான் அதை லோர்னாவிடம் போய்ச் சொன்னேன். மூன்று நாளும் அந்தக் கட்டிலை விட்டு நகராதவள் அவள். என் கையைத் தட்டிவிட்டாள்.

"அவ கத்தினத நான் கேட்டேன். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு என்கிட்ட பொய் சொல்லாத. இனிமே எப்பவும் சொல்லாத."

அதற்குப் பிறகு சொன்னதில்லை. அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட டாக்டர் சொன்ன மாதக் கணக்கை அப்படியே சொன்னேன். இப்போது அவளைப் பொய்யில் படுக்கவைத்தால்தான் மகள் பக்கத்தில் படுக்கவைக்க முடியும். உண்மையைச் சொன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில், பெட்ரோல் பங்குக்கு எதிரே. இதைக் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் அந்தக் கருங்கல் அறைக்குள் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஈமச்சடங்குக்காரன் கஸ் வந்தான். ஓடைகளெல்லாம் கரை புரண்டு, சாலை முழுக்கச் சேறு. பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். மற்ற இரண்டு பேரையும் அடக்கம் செய்தாகிவிட்டது என்றான்.

"வெயில் ஏறுது, வாரன். இனிமே உள்ள வெச்சிருக்க முடியாது. வியாழக்கிழமை எங்கன்னு மட்டும் சொல்லிடு. மேடா, ரோட்டோரமா?"

மேடு என்றேன்.

அன்றைக்கே அடிலெய்ட் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். இதில் கண்டவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்பதற்குக் கீழே, வாரன் ஏ. டிரெட்வே. பேனா அவளுடையது. நகலை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை எனக்கு முன்னால் கிழிக்கவில்லை. அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவள்.

வியாழக்கிழமை கஸ்ஸும் இன்னொருவனும் மண்வெட்டியால் தோண்டினார்கள். ஹேட்டி பக்கத்து மண் கறுப்பாக, ஈரமாக, வேர்களோடு வந்தது. போதகர் சுருக்கமாகப் பேசினார். எல்லாரும் கலைந்த பிறகு அடிலெய்ட் குனிந்து சங்கத்தின் பித்தளை வில்லையை மண்ணில் குத்தி வைத்தாள். முதல் குடும்பம் ஒன்றின் வாரிசின் மனைவி என்று அதில் இருக்கிறது. ஹேட்டிக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்றாள். நான் நன்றி சொன்னேன். அது வாயிலிருந்து தானாக வந்தது, அதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கோடையில் வாரம் ஒருமுறை போய்ப் புல்லைக் கத்தரிப்பேன். ஊர்க் கதையெல்லாம் லோர்னாவிடம் பேசுவேன். மெஹிடபெல் கதையை மட்டும் இதுவரை சொல்லவில்லை. மேட்டில் மெஹிடபெலுக்குக் கல் இல்லை. எங்கே செத்தாள், யார் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய மகனைத்தான் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பெயர் கிடையாது, ஆனால் கல்யாணம் ஆனவள். சங்கம் திருத்திய புத்தகத்தை இலையுதிர் காலத்தில் அச்சடித்தது. அடிலெய்ட் கையெழுத்திட்டு ஒரு பிரதி அனுப்பினாள். அந்த வரி அதில் இருக்கிறது. இன்னும் நூறு வருஷத்துக்கு யாரும் அதை அசைக்க முடியாது.

நவம்பரில் தொலைபேசி அடித்தது. காப்பகத்தில் இருந்து மரீசா. பழைய கோர்ட் வழக்குகளில் வந்த பெண்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகவும், மெஹிடபெல் தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதாகவும் உற்சாகமாகச் சொன்னாள். வாரிசுகள் யாராவது வந்து பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்றாள்.

"அவங்க உங்க குடும்பம்தானே, மிஸ்டர் டிரெட்வே?"

சமையலறை ஜன்னல் வழியே மேடு தெரிந்தது. மேப்பிள் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் சூடான காபி இருந்தது, உடம்பில் எங்கும் வலி இல்லை.

"இல்லம்மா," என்றேன். "அது வேற டிரெட்வே."

மெஹிடபெலிடம் மூன்று முறை கேட்டார்கள். என்னிடம் அந்தப் பெண் ஒரு முறைதான் கேட்டாள்.